தாமதமாக வரும் வாசல்

கதவு பெயர்ந்து விழுந்தபோது அத்தை டிவியில் மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்கு அடியில் ஒரு மஞ்சள் மீன் கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. அதே சமயம் வீட்டுக்குள் திடீரென்று வெளிச்சம் வந்தது. திரும்பிப் பார்த்தால், பூட்டு உடைக்கிறவர் கடப்பாறையோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் அண்ணன் மகன் முகம் வெளுத்து நிற்கிறான். அவனுக்கும் பின்னால் எதிர்வீட்டுத் தையற்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறாள்.

"என்னடா இது? கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் அத்தை.

தட்டாமலா இருந்தார்கள்! தெருவே சேர்ந்து தட்டியது. பெல்லை அழுத்திய விரல்கள் ஓய்ந்துபோயின. முந்தின நாள் பாலும் அன்றைய பாலும் வாசற்படியில் ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் தையற்காரம்மா அண்ணன் மகனுக்குப் போன் செய்தாள். அவன் செய்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அத்தையோ ஜலதோஷம் என்று முந்தின நாள் முழுக்கப் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் எழுந்து, பால் இல்லாத டீயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுக்கும் ஒரு கதவு போய்விட்டது.

காது விஷயத்துக்கு வருவோம். அத்தை வேலையில் இருந்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனும் காதுமாக உட்கார்ந்திருந்தவள். கல்யாணப் பேச்சு, சாவுச் செய்தி, கடைக்காரர்களின் பேரம் என்று ஊர் பேசிய அத்தனையும் அவள் காது வழியாகத்தான் போனது. அந்தக் காது கொஞ்ச காலமாக ஓய்வெடுத்துக்கொண்டுவிட்டது. அதை ஒப்புக்கொள்ள மட்டும் அவளுக்கு வாய் வராது. "இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க" என்பாள். பெல் ரிப்பேர் என்பாள். காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அண்ணன் மகன் ரொம்ப நாள் அவள் கையால் டீ குடிக்க முடியாமல் போனான்.

புதுக் கதவு மாட்டிய அன்று அவன் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தன் உதட்டசைவை அவள் படிக்கட்டும் என்று நிதானமாகச் சொன்னான். "அத்தை, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க எங்க வீட்டுக்கு வந்துடணும். பேச்சு மாறக் கூடாது."

அண்ணன் மகன் தங்கமானவன். ஏசி மெக்கானிக். அவன் மனைவி அதைவிடத் தங்கம். ஆனால் அவர்கள் வீட்டில் அத்தைக்கென்று பார்த்து வைத்திருந்தது, துணி காயப்போடும் பால்கனியை அடைத்த ஓர் அறை. அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். அங்கே போனால் டீ தானாக வரும், மாத்திரை தானாக வரும், விளக்கு தானாக அணையும். அத்தைக்கு நினைத்தாலே மூச்சு முட்டியது. தன் டீயைத் தானே போட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் இஷ்டத்துக்குக் கனவு கண்டுகொண்டிருப்பது தவிர அவளுக்கு இந்த வயதில் வேறு ஆசை கிடையாது. அந்த ஒன்றும் இப்போது ஊசலாடியது.

"சரி மருமகனே," என்றாள். "அப்படி ஆகாம பாத்துக்கறது உன் பொறுப்பு."

அவன் பார்த்துக்கொண்டான். கதவுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினான். டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியைச் சொருகினான். டிவியைப் போட்டதுமே வாசல் தெரிகிற மாதிரி செய்தான். ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தானை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கறுப்பு டேப் ஒட்டி மூடினான். அதை அழுத்தினால் மீன், மறுபடி அழுத்தினால் வாசல். 

"அணைக்கறதுக்கு எது?" என்று அத்தை கேட்டாள்.

"அணைக்கவே வேண்டாம் அத்தை. அது பாட்டுக்கு ஓடட்டும்." தன் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்கே பெருமை தாங்கவில்லை. வெளியே போய் நின்று கையாட்டினான். டிவியிலும் உடனே கையாட்டினான். "தெரியுதா?" என்று உள்ளே வந்து கேட்டான்.

"தெரியுது. முடி வெட்டிக்கோ."

கேமராவோடு இன்னொரு சமாச்சாரமும் வந்திருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் பொத்தானை அழுத்திப் பேசினால் வாசலில் கேட்கும். அதை அவன் நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டிவைத்தான். "வாசல்ல நிக்கிற மனுஷங்ககிட்ட பெட்டி வழியாவா பேசுவாங்க? மரியாதையா இது?" என்று சொல்லி, அவன் போனதும் அத்தை அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். பேசிவிடலாம். பதில் கேட்க வேண்டுமே.

அதற்குப் பிறகு அத்தை மீன் பக்கம் போகவே இல்லை.

வாசல் அவ்வளவு அழகு என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் படிக்கட்டு, சின்ன கேட், தெருவில் ஒரு துண்டு, எதிர்ச் சுவரில் மரத்தின் நிழல். காலையில் நிழல் நீளமாகப் படுத்திருக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கிச் சுருங்கி மரத்தின் காலடிக்குப் போகும். ஒரு காகிதம் பறந்து வந்து படியில் உட்கார்ந்து, யோசித்து, எழுந்து போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். சத்தம் இல்லாததால் எல்லாமே தண்ணீருக்குள் நடப்பது போல இருக்கும். பார்த்துக்கொண்டே அத்தை கண்ணயர்வாள். விழித்தால் நிழல் இடம் மாறியிருக்கும். தூக்கத்தில் பார்த்தது எது, முழித்துக்கொண்டு பார்த்தது எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியாது. பிரித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவாள்.

முதலில் வித்தியாசம் காட்டியது பூனை. தெருவில் திரிகிற அந்தச் சாம்பல் பூனை ஜன்னல் வழியாக வந்து அவள் மடியில் சுருண்டு படுக்கும். ஒருநாள் அது மடியில் படுத்திருக்கும்போதே டிவியில் படியேறி வந்தது. இரண்டு பூனை போலிருக்கிறது என்று அத்தை நினைத்துக்கொண்டாள். கூரியர்காரர் டிவியில் வருவார், அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்க் கதவைத் திறப்பாள், பொட்டலம் மட்டும் கிடக்கும். காலில் சக்கரம் கட்டியிருக்கிறானா இவன் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காலை. பால் பாக்கெட்டை எடுத்துவந்து, டீ போட்டு, நாற்காலியில் சாய்ந்தாள். டிவியில் அவள் வீட்டுக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கிழவி வந்தாள். நரைத்த தலை, உச்சியில் முடி மெலிந்து மண்டை தெரிகிறது. குனிந்து பால் பாக்கெட்டை எடுத்தாள்.

"யாருடி நீ? என் பாலை எடுக்கற?" என்று அத்தை எழுந்தேவிட்டாள்.

கிழவி நைட்டியின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நீலப் பூப்போட்ட நைட்டி. அத்தை தன் மடியைக் குனிந்து பார்த்தாள். அதே நீலப் பூ. தன் உச்சந்தலையை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? டீ தொடாமலே ஆறிப்போனது.

சரி, கனவு, என்று தேற்றிக்கொண்டாள். அவளைத் தேற்ற முடியாமல் செய்தவன் தம்பி.

தம்பி என்றால் கூடப்பிறந்த ஒரே தம்பி. கால்களை வெளிப்பக்கம் வீசி நடப்பதால் வீட்டில் அவனுக்கு வாத்து என்று பெயர். அவனுக்கே பேரன் பிறந்த பிறகும் வாத்துதான். வேலை கிடைத்துத் தூர ஊருக்குப் போன புதிதில், அக்கா குரலைக் கேட்க எக்ஸ்சேஞ்சுக்கே போன் செய்வான். அவள் யாரென்றே தெரியாத மாதிரி, வேலைக்குரலில், "லைன்லயே இருங்க சார், உங்க அக்கா வந்துட்டிருக்காங்க" என்பாள். அவன் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே காத்திருப்பான். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போன்.

அந்தத் தம்பி போன வருஷம் ஒருநாள் வருகிறேன் என்று அண்ணன் மகனிடம் சொல்லியனுப்பினான். அத்தை வீட்டைத் துடைத்து, மெத்தை உறையை மாற்றி, அவனுக்குப் பிடித்ததெல்லாம் வாங்கிவைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லவும் இல்லை. அதோடு நின்றது போக்குவரத்து. அண்ணன் மகன் கேட்டால் "உன் அத்தையையே கேளு" என்று அவன் முறைத்தான். அத்தையைக் கேட்டால் "அவனையே கேளு" என்று இவள் முகத்தைத் திருப்பினாள். இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டவன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டான்.

இப்போது அந்த வாத்து நடை டிவிக்குள் வந்தது. கேட்டைத் திறந்து, தொப்பியும் துணிப்பையுமாகத் தம்பி படியில் ஏறினான். குனிந்து வாசற்படியைப் பார்த்தான். விரல் பெல் பக்கம் போனது. தொடவில்லை. கொஞ்ச நேரம் கதவையே பார்த்தபடி நின்றான். பிறகு திரும்பிப் போய்விட்டான்.

அத்தை பாதி வழி சுவரையும் பாதி வழி கடவுளையும் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓட்டம் மற்றவர்களுக்கு நடை. கதவைத் திறந்தால் தெரு வெறிச்சென்று கிடந்தது. கேட் ஆடக்கூட இல்லை. எதிர்வீட்டு ஜன்னலில் தையற்காரம்மா தலைநிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தால் வெறும் வெயில்.

அத்தைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இல்லாத ஆளைப் பார்க்கிறேனா? தன்னையே வெளியே நின்று பார்க்கிறேனா? இதற்குப் பெயர் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவளோடு வேலை பார்த்த ஒருத்தி கடைசியில் இப்படித்தான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பழைய நம்பர்களைச் சொல்லிப் பார்த்தாள். மருந்துக்கடை, மர டிப்போ, பெரிய பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம். எல்லாம் பிசகாமல் வந்தன. மூளை சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் தம்பி வருகிறான்? ஆசை முற்றினால் ஆள் உருவம் எடுக்குமோ? யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று முடிவுசெய்தாள். விட்டால் பால்கனி அறைதான்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? அண்ணன் மகன் வந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "ஏண்டா, இந்தக் கேமரா ஆள் இல்லாதப்ப ஆளைக் காட்டுமா?"

டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "என்ன அத்தை காட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல. பொதுவாக் கேட்டேன்."

"யாரைப் பாத்தீங்க?"

அவன் குரல் கேட்டதோ இல்லையோ, முகம் கேட்டது. பதற்றத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிற முகம். அவள் வசமாக மாட்டிக்கொண்டாள். மறைக்கத் தெம்பும் இல்லை. "வாத்து வரான்டா," என்றாள். "கதவைத் திறந்தா இல்ல. ஒருநாள் நானே வந்தேன். நான் இங்க உக்காந்திருக்கேன், நான் அங்க பால் எடுக்கறேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அவள் தோளைத் தட்டினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். யாருக்குப் பேசப்போகிறான் என்று அவளுக்கா தெரியாது? அறையைத் தயார் செய்யச் சொல்லுவான். அத்தை தன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப்பார்த்தாள். இது அங்கே கொள்ளாது. வாசல் கதவு வரை போனால் அவன் காலைப் பிடித்துக் கெஞ்சலாம். ஆனால் முட்டிக்குக் கெஞ்சவும் மடங்க வராது. கண்ணில் நீர் கட்டியது. டிவியில் வாசல் காலியாக இருந்தது. ஒரு இலை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் திரும்பிவந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். "அத்தை, நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான்.

டிவியில் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒருவன் போனைக் காதில் வைத்தபடி வந்தான். படியில் நின்றான். தலையைச் சொறிந்தான். ஒரு கையை விரித்து, பெருமூச்சு விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இது... நான்," என்றான் அண்ணன் மகன்.

அத்தை அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கும் தெரியுதா?"

"தெரியுது அத்தை. எனக்கு அங்க வழுக்கையா விழுந்திருக்கு?" என்று உச்சியைத் தடவினான். பிறகு குதித்தெழுந்து டிவிக்குப் பின்னால் தலையை விட்டான். பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டிய நாளிலிருந்து அணையாமல் ஓடியதில் படம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, ஒரு பாட்டு ஓடி முடிகிற அளவுக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்தது. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்றான். "அணைக்கவே வேண்டாம்னு சொன்னவன் நான்தான். நீங்க பாத்ததெல்லாம் நிஜம் அத்தை. லேட்டா வந்த நிஜம்."

அத்தைக்கு அவன் சொன்னதில் கடைசி மட்டும் போதுமாயிருந்தது. "அப்ப அவன் நிஜமாவே வந்தானா?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். பைத்தியம் இல்லை என்ற சந்தோஷம் அதில் பாதிகூட இல்லை.

"இப்பவே சித்தப்பாவுக்குப் போன் போடறேன்."

"போடாதே. நீ கூப்பிட்டு வந்தா அது உனக்காக வந்ததா ஆயிடும். தானா வந்தவன் தானா வரட்டும். நான் திறக்கறேன்."

அவன் பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். தினமும் தானாக ஒருமுறை அணைந்து எரிகிற மாதிரி ஒரு டைமரை மாட்டினான். வாசலில் போய் நின்று மனைவிக்கு மறுபடி போன் செய்தான். இந்தத் தடவை அவன் சிரித்தது, சிரித்தபோதே டிவியில் தெரிந்தது.

மறுநாள் அத்தை பாலை எடுத்துவைத்துவிட்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நிழல் நீளமாகப் படுத்திருந்தது. மெல்லச் சுருங்கியது. பூனை வந்தது, போனது. கண் சொருகும் நேரத்தில் கேட் திறந்தது. வாத்து நடை. அத்தை கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். பாதியில் முட்டி பிடித்துக்கொண்டது. மறுபடி உட்கார வேண்டியதாகிவிட்டது. டிவியில் தம்பி குனிந்து படியைப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டான். விரல் பெல்லைத் தொடாமல் இறங்கியது. அவன் திரும்பினான்.

படம் இப்போது சரியாகத்தான் வருகிறது. கால்தான் தாமதம். அவள் கதவுக்குப் போவதற்குள் அவன் தெருமுனைக்குப் போய்விடுவான். நாளைக்கு வருவானா என்று யாருக்குத் தெரியும்?

அத்தை துண்டை இழுத்து எறிந்தாள். வெள்ளைப் பெட்டியை அழுத்தினாள். என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. தொண்டை தானாகவே வேலைக்குப் போனது.

"லைன்லயே இருங்க சார்."

தம்பி கேட்டில் கை வைத்தபடி நின்றான். சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தான். தொப்பிக்குக் கீழே முதல்முறையாக முழு முகமும் தெரிந்தது. கிழவனாகியிருந்தான். வாய் ஏதோ சொல்லியது. அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது?

"உங்க அக்கா வந்துட்டிருக்காங்க," என்றாள் அத்தை.

எழுந்தாள். டிவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவர், அலமாரி, சுவர், செருப்பு வைக்கும் ஸ்டாண்டு. தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். வெயிலோடு சேர்ந்து தம்பி நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"போன வருஷம் எவ்வளவு நேரம் பெல் அடிச்சேன் தெரியுமா?" என்றான். அவன் உதடு கோணிக்கொண்டு நடுங்கியதில் அவளுக்குப் படிக்கக் கஷ்டமாயிருந்தது. ஆனாலும் படித்துவிட்டாள். "உள்ள டிவி பாத்துச் சிரிச்சிட்டிருந்த. தெருவுக்கே கேட்டுச்சு. நான் வெளிய நின்னேன்."

வேறு யாரிடமாவது என்றால் பெல் ரிப்பேர் என்றிருப்பாள்.

"எனக்குக் கேக்கலடா," என்றாள். "காது போச்சு வாத்து. எனக்குக் காதே கேக்கறதில்ல."

அவன் அவளையே பார்த்தான். ஒரு வருஷக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் விழித்தான். அத்தை அவன் சட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். "அப்புறம் எதுக்குடா தினமும் வந்த? வந்தவன் ஏன் தட்டாம போன?"

அவன் ஏதோ முணுமுணுத்தான். அவள் தலையைச் சாய்த்து, முடியை ஒதுக்கி, காதை அவன் பக்கம் நீட்டினாள். இதற்கு முன் யாருக்கும் அப்படி நீட்டியதில்லை. தம்பி மூச்சை இழுத்துக்கொண்டு, அந்தக் காதுக்குள் கத்தினான்.

"கதவை உடைச்சாங்கன்னு கேள்விப்பட்டேன்! பால் பாக்கெட்டை எடுத்துட்டியான்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்!"

எதிர்வீட்டில் தையல் மிஷின் நின்றுபோனது. அவன் கத்தியது அத்தைக்கும் கேட்டது.